1891: கிணறும் மனையும் மலக்குழியும்

தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஐயப்பன்தாங்கலுக்குப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. போரூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே உள்ள இந்த ஊரை இன்று பேருந்துப் பணிமனையையும் அடுக்குமாடிகளையும் வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். ஆனால் இது பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண். இங்கே தண்ணீரும் மனையும் நிலமும் யார் கையில் இருந்தன என்று கேட்காமல், சேரியில் ஏன் நோய் அதிகம் என்று பேச முடியாது. சுகாதாரம் என்றதும் மாணவத் தோழர்கள் பலரும் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது வேண்டும்தான். கதை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர், தம் மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். குடிசை நிற்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம். தரிசு கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. எப்போது வேண்டுமானாலும் பிடுங்கப்படும் மனையில் யார் கிணறு வெட்டுவார்கள், யார் சுவர் எழுப்புவார்கள்? அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நிலம். அதில் எவ்வளவு கைமாறியது என்பது உங்களுக்குத் தெரியும். காரணை நில மீட்புப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

அதே 1891, டிசம்பர் 1. உதகையில் திராவிட மகாஜன சபை மாநாடு. அயோத்திதாசப் பண்டிதர் முன்னெடுத்த பத்துத் தீர்மானங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பொதுக் கிணறு, குளங்களில் தண்ணீர் எடுக்கத் தடை கூடாது. சிறையில் இழிவேலைகளைப் பறையர்களுக்கே ஒதுக்கும் சிறைவிதி 464ஐ நீக்க வேண்டும். பண்டிதர் சித்த மருத்துவர். நாடி பார்க்கும் வைத்தியர் கேட்டவை இவை என்பதைக் கவனியுங்கள். பிறந்து, வளர்ந்து, உழைக்கும் சூழலே உடல்நலத்தை ஏற்றத்தாழ்வாக்குகிறது என்று மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவன ஆணையம் அறிக்கை தந்தது 2008இல்!

கிணற்றுத் தீர்மானம் என்ன ஆனது? மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, கிணறு, குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினார். அரசாணையும் வந்தது. 98 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் குடியிருப்புக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குழந்தைகள் நோயுற்று மருத்துவமனைக்குப் போன பிறகே அது வெளியில் தெரிந்தது. நோயாளியே சாட்சியான வழக்கு அது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்த ஊர்த் தலித் இளைஞர்கள் மூவர் மீதே குற்றம் சாட்டியது. ஊர்மக்கள் அதை ஏற்கவில்லை.

இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்கிறது ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை. 14.6 ஆண்டு என்றால், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் காலம்.

சிறைவிதி 464 சிறைக்கு வெளியே இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மனிதர்கள் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. இருந்தும் மலக்குழி, சாக்கடை மரணங்களின் அரசுக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 2014இல் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. உயிருக்கு விலை ஏறியிருக்கிறது, குழிக்குள் இறங்குபவரின் சாதி மாறவில்லை.

நம் புறநகர் அடுக்குமாடிகளில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரி வருகிறது. லாரிக் குழாய் அடைத்துக்கொண்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று காவலாளிக்குத் தெரியும். எந்தத் தெருவிலிருந்து ஆள் வருவார் என்பதும் அவருக்குத் தெரியும்.