முதல் ஐந்து லட்சம் யார் தலையில்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செம்பூரில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கும் நண்பர் ஒரு பிளாஸ்டிக் பையில் ஆஸ்பத்திரி பில்லையும் பாலிசியையும் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். அப்பாவுக்கு இருதய ஆபரேஷன். பில் 4,60,000 ரூபாய்.

"பத்து லட்சத்துக்குப் பாலிசி இருக்கு அண்ணாச்சி. ஒரு பைசா கெடையாதுன்னுட்டாங்க" என்றார்.

பாலிசியின் முதல் பக்கத்திலேயே இருந்தது: டிடக்டிபிள் 5,00,000. பேசிப் பார்த்ததில் விஷயம் விளங்கியது. பழைய கம்பெனியில் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு குரூப் பாலிசி இருந்தது. அதற்கு மேலே இருக்கட்டும் என்று இதை வாங்கியிருக்கிறார். மூன்று மாதம் முன்பு வேலை மாறினார். புதிய கம்பெனியில் மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும்தான். கீழ்த்தளம் போய்விட்டது, மாடி மட்டும் நிற்கிறது.

டிடக்டிபிள் என்றால் இவ்வளவுதான்: செலவில் முதலில் வரும் இன்ன தொகை வரை இன்சூரன்ஸ் கம்பெனி தொடாது, அதற்கு மேல் வருவதைத்தான் கொடுக்கும். கார் இன்சூரன்ஸில் சின்னக் கீறலுக்கு நம் கையிலிருந்து கொஞ்சம் போகுமே, அதே சமாச்சாரம்தான். சரி, இந்த முதல் தொகையை நம் ஜனங்களுக்காக இத்தனை காலம் யார் கொடுத்து வந்தார்கள்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் தாராவியில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே குடியேறிவிட்டார்கள். வியாதி வந்தால் முதல் ரூபாய் அவர்கள் கையிலிருந்துதான். பிறகு ஊர்க்காரர்களிடம் கைமாற்று, கடைசியில் தாலிக்கொடி அடகுக் கடைக்கு. 1947-இல் பக்கத்திலேயே சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரி வந்தது. அந்த முதல் ரூபாயின் பெரும்பங்கை நகரமே ஏற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

இ.எஸ்.ஐ. சட்டம் 1948-இல் வந்தது. 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி மற்ற நகரங்களுக்குப் பரவியது. அதில் டிடக்டிபிள் என்ற பேச்சே கிடையாது, முதல் மாத்திரையிலிருந்தே இலவசம். ஆனால் பட்டறையில் இத்தனை பேராவது வேலை செய்ய வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. தாராவியின் நாலு பேர், ஐந்து பேர் பட்டறைகள் அதற்கு வெளியேதான் நின்றன.

மாட்டுங்கா, செம்பூர் கதை வேறு. மாட்டுங்காவிலிருந்து ரயிலேறி கோட்டைப் பக்கம் ஆபீஸ் போன டைப்பிஸ்ட்டுகள், கணக்கர்கள். 1950களில் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தபின் செம்பூரில் குடியேறியவர்கள். இவர்களில் பலருக்கு வைத்தியச் செலவு ஆபீஸ் பாடு. பில்லைக் கொடுத்தால் பணம் வரும். இதில் ஒரு சிக்கல், வேலை போனால் பல இடங்களில் அந்த வசதியும் கூடவே போய்விடும்.

பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் 1973-இல் முழுதாக அரசுடைமையாகி, 107 கம்பெனிகள் நான்காகச் சுருங்கின. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜி.ஐ.சி.யின் கீழ் இந்த நான்கும் 1986-இல் மெடிக்ளைம் பாலிசியைக் கொண்டுவந்தன. ஆபீஸ் தயவு இல்லாமல் தனி ஆளும் வாங்கக்கூடிய பாலிசி. இது அடியிலிருந்து கொடுத்துக்கொண்டே போய் ஓர் உச்சவரம்பில் நின்றுவிடும். டிடக்டிபிளுக்கு நேர் எதிர். பெரிய வியாதி வந்தால் வரம்பு போதாது என்பதுதான் அப்போதைய கவலை.

அமெரிக்காவிலும் இதே வரிசைதான். 1929-இல் டல்லாஸ் நகர ஆசிரியர்கள் மாதம் 50 சென்ட் கட்டி, வருடத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரி வசதி பெற்றார்கள். 1940களின் கடைசியில்தான் பெரிய செலவுக்கென்று 'மேஜர் மெடிக்கல்' பாலிசிகள் வந்தன. சின்னச் செலவை நீயே பார்த்துக்கொள், குடும்பத்தைக் கவிழ்க்கும் செலவை நான் பார்க்கிறேன் என்ற ஏற்பாடு. பிரீமியமும் குறைவு.

இது நல்லதா கெட்டதா? 1970களின் நடுவில் தொடங்கி 1982 வரை ராண்ட் நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வைத்து ஒரு பரிசோதனை நடத்தியது. கைக்காசு போட வேண்டியிருந்தவர்கள் டாக்டரிடம் குறைவாகப் போனார்கள். பெரும்பாலோருக்கு அதனால் உடம்பு கெடவில்லை. ஆனால் தேவையில்லாத வைத்தியத்தை மட்டுமல்ல, தேவையானதையும் சேர்த்தே குறைத்துக்கொண்டார்கள். ஏழைகளில் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இலவச வைத்தியம்தான் நல்லது செய்தது. முதல் தொகையைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் டிடக்டிபிள் லாபம். தாலிக்கொடியை அடகு வைப்பவனுக்கு அல்ல.

நம்மூரில் இது டாப்-அப், சூப்பர் டாப்-அப் என்ற பெயர்களில் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்குபவர்கள் அதிகம். டிடக்டிபிள் 5 லட்சம், வருடத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரி, 3 லட்சமும் 4 லட்சமும் என்று வையுங்கள். டாப்-அப்பில் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இரண்டுமே 5-ஐத் தாண்டவில்லை, ஒன்றும் வராது. சூப்பர் டாப்-அப்பில் கூட்டிப் பார்ப்பார்கள். மொத்தம் 7, ஆகவே 2 லட்சம் வரும்.

இன்னும் சில:

முதல் 5 லட்சம் வேறு பாலிசியிலிருந்து வரலாம், உங்கள் பையிலிருந்தும் வரலாம். கீழே பாலிசி இல்லாவிட்டால் அவ்வளவு பணம் பேங்கில் இருக்க வேண்டும்.

கையுறை, பதிவுக் கட்டணம் மாதிரி பாலிசி ஏற்காத செலவுகள் பொதுவாக அந்த 5 லட்சக் கணக்கில் சேராது.

வருடக் கணக்கு பாலிசி தேதியிலிருந்து ஓடும். ஒன்று ஏப்ரலிலும் மற்றது அக்டோபரிலும் தொடங்கினால் கூட்டல் உடைந்துவிடும்.

சின்ன பில்லையும், கீழ்ப் பாலிசி பணம் கொடுத்த கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். 5 லட்சம் தாண்டியதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

வேலை மாறுமுன், குரூப் பாலிசியை அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். இதற்கு விதியில் இடம் உண்டு. கம்பெனி சம்மதித்தால், பழைய வியாதிகளுக்கு ஏற்கெனவே காத்திருந்த காலமும் கணக்கில் வரும்.

70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் 5 லட்சம் வரை 2024 முதல் கிடைக்கிறது, திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில். டிடக்டிபிள் இல்லை.

நண்பரின் அப்பாவுக்கு 68 வயது. அந்தக் கதவும் இன்னும் திறக்கவில்லை. பில்லை மனைவியின் நகையை வைத்துத்தான் கட்டியிருக்கிறார். நூறு வருடத்துக்கு முன் தாராவியில் நடந்தது, லிஃப்ட் வைத்த கட்டடத்தின் ஏழாவது மாடியிலும் நடந்திருக்கிறது.

ஊரில் அப்பா அம்மாவுக்குப் பாலிசி எடுத்து வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரி ஒரு தடவை அதை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். டிடக்டிபிள் என்று ஒரு தொகை இருந்தால், அது யார் தலையில் விழும் என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.