எந்தக் கல்லூரி? – தஞ்சைப் பகுதி முஸ்லிம்களின் பழைய கேள்வி



மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் திண்ணையில் நடக்கும் பேச்சு மாறிவிடும். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்குமா, குறுவைக்குத் தண்ணீர் வருமா என்ற பேச்சு பின்னுக்குப் போய், எந்தக் கல்லூரி என்ற பேச்சு முன்னுக்கு வரும். ஒருவர் அதிராம்பட்டினம் என்பார். மற்றொருவர் திருச்சி ஜமால் என்பார். கும்பகோணம் போதும், பூண்டி போதும் என்போரும் உண்டு. விடுதியில் சாப்பாடு எப்படி, ஜுமுஆவுக்கு நேரம் கிடைக்குமா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அங்கே நம் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்வார்கள். வீட்டுக்குள் பெண்களும் இதே கணக்கைத்தான் பார்ப்பார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சபராளிகள் தொலைபேசியில் தம் பங்குக்குக் கேட்பார்கள். கடைசியில் யாராவது என் பக்கம் திரும்பி, "ஹஜ்ரத், நீங்க என்ன சொல்றீங்க?" என்பார்கள்.

நான் மதரசாவில் ஓதிக்கொடுப்பவன். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றதோடு என் படிப்பு நின்றது. கல்லூரி மாணவனாக நான் இருந்ததில்லை. இருந்தும் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வந்தேன். இவ்வாண்டு என் மூத்த மகளே அறிவியல் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றிருப்பதால், நானும் ஒரு தகப்பனாய் அதே திண்ணையில் அதே கேள்விகளோடு அமர்ந்திருக்கிறேன். இக்கேள்விகள் நம் பாட்டனார் காலத்திலும் கேட்கப்பட்டவை. அவற்றிலிருந்துதான் நம் பகுதியில் சில கல்லூரிகளே பிறந்தன. அந்த வரலாற்றைச் சற்றே சொல்ல விரும்புகிறேன்.

காவிரிப் பாசனப் பகுதிக்குக் கல்லூரிக் கல்வி பிந்தி வந்ததன்று. கும்பகோணத்தில் 1854-இல் பள்ளியாகத் தொடங்கிய அரசு நிறுவனம் 1867-இல் கல்லூரியாயிற்று. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அதனைப் போற்றினர். உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை அங்கே தமிழ் கற்பித்தார். இன்று திருச்சியில் உள்ள புனித வளனார் கல்லூரி, 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல்தான் திருச்சிக்கு மாறியது. அதாவது, நாகூர் தர்காவின் மனாராக்கள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அக்கல்வி நிலையம் இருந்திருக்கிறது.

இருந்தும் நம்மவர்கள் பெருமளவில் போகவில்லை. இதற்கு அச்சத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான். மிஷனரிக் கல்லூரியில் பிள்ளையின் ஈமான் என்னாகும் என்ற கவலை இருந்தது. வெளியூரில் எந்த வீட்டில் தங்குவான், எதைச் சாப்பிடுவான் என்ற கவலையும் இருந்தது. ஆனால் மறுபாதி கடை. குர்ஆன் ஓதவும் அரபுத்தமிழ் எழுதவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்துவிட்டால், மீசை அரும்பும் முன்பே பினாங்குக்கோ கொழும்புக்கோ கப்பலேறிவிடலாம். அங்கே மாமனோ சச்சாவோ கடை வைத்திருப்பார். பட்டம் பெற்ற பின் சேவகம் தேடி அலைவதைவிட இது மேல் என்று அவர்கள் எண்ணியதில் அன்றைக்குத் தவறில்லை. அந்தக் கடைகள் ஒருநாள் இல்லாமற்போகும் என்பதை மட்டும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

விதிவிலக்காகப் போனவர்களும் உண்டு. நாச்சியார்கோவிலை அடுத்த கீழ்மாந்தூரில் 1885-இல் பிறந்த பா. தாவூத் ஷா கும்பகோணம் கல்லூரியில் படித்தவர். பின்னர் சென்னையில் பட்டம் பெற்று, அரசுப் பதவி வகித்து, அதனை உதறி, 'தாருல் இஸ்லாம்' இதழ் வழியே தமிழ் முஸ்லிம்களின் உரைநடையையே மாற்றியவர். மார்க்க விஷயங்களில் ஆலிம்களுக்கும் அவருக்கும் கடுமையான கருத்து வேறுபாடுகள் இருந்தன. அது வேறு பேச்சு. ஒரு கிராமத்துப் பிள்ளையைக் கும்பகோணம் வரை அனுப்பிய அந்த முடிவைத்தான் இங்கே நினைக்கிறேன். அதே கல்லூரியில் 1904-இல் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்து வெளியேற நேர்ந்தது. கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து மனம் நிறைவடையும் பெற்றோருக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

சென்னையில் நிலைமை வேறாக இருந்தது. ஆற்காட்டு நவாபு குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்த மதரஸா-இ-ஆஸமின் வழிவந்த அரசு முகம்மதியக் கல்லூரி 1918-இல் அமைந்தது. மறு ஆண்டே வாணியம்பாடியில் தோல் வணிகர்களின் முயற்சியால் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. விடுதலைக்குப் பின் முகம்மதியக் கல்லூரி எல்லோருக்குமான அரசுக் கலைக் கல்லூரியாக மாற்றப்பட்டது. அரசாங்கம் நமக்கென்று ஒன்றை நடத்தும் என்ற எதிர்பார்ப்பு அத்துடன் முடிந்தது. அக்கல்லூரியின் முதல்வராக இருந்த டாக்டர் அப்துல் ஹக் அரபு மொழியில் 'அப்ஸலுல் உலமா' பட்டம் பெற்ற ஆலிம். 1947-இல் கர்னூலில் உஸ்மானியாக் கல்லூரி தோன்ற அவர் காரணமாக இருந்தார். ஆலிம் ஒருவர் கலைக் கல்லூரிக்காக அலைந்ததை இன்று சிலர் வியப்பாகப் பார்க்கிறார்கள். அன்று அது வியப்பாக இருக்கவில்லை.

1951-இல் இரண்டு கல்லூரிகள் பிறந்தன: சென்னையில் புதுக்கல்லூரி, திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி. திருச்சிக் கல்லூரிக்கு எம். ஜமால் முகம்மது சாகிபும் என்.எம். காஜாமியான் ராவுத்தரும் நிறுவனர்கள். ஜமால் முகம்மது பெரும் தோல் வணிகர். பெரம்பூரில் உள்ள ஜமாலியா அரபிக் கல்லூரி அவருடைய குடும்பத்தின் கொடை. 1925-இல் சையித் சுலைமான் நத்வி சென்னையில் நபிகளாரின் (ஸல்) வாழ்வைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றியதற்கும், 1929-இன் தொடக்கத்தில் அல்லாமா இக்பால் வந்து உரையாற்றியதற்கும் அவர் கைகொடுத்தார். ஹதீஸ் ஓதும் மாணவனுக்கும் வேதியியல் படிக்கும் மாணவனுக்கும் ஒரே பையிலிருந்துதான் அவர் பணம் எடுத்தார்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய ஊர் அதிராம்பட்டினம். திருச்சிக்கு அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். 1955-இல் அங்கே காதிர் முகைதீன் கல்லூரி தொடங்கப்பட்டது. அதனை நிறுவியவர் ஹாஜி எஸ்.எம்.எஸ். ஷேக் ஜலாலுத்தீன், நடத்துவது எம்.கே.என். மதரசா டிரஸ்ட். இந்தப் பெயரைச் சற்று நின்று படியுங்கள். ஒரு மதரசாவின் பெயரைத் தாங்கிய அறக்கட்டளை, பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரியை எழுப்பியிருக்கிறது. பேரூர்கூட அல்லாத ஒரு கடலோர ஊரில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு! பல ஆண்டுகள் மதரசாவில் பணியாற்றியும், அப்பெயரின் முதற்பகுதியை நான் கவனித்ததே இல்லை.

அந்த ஓரிரு ஆண்டுகளில் தஞ்சை மாவட்டம் முழுவதுமே விழித்துக்கொண்டது எனலாம். தஞ்சையில் மன்னர் சரபோசி அரசுக் கல்லூரியும், மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியும் அதே 1955-இல் தோன்றின. மறு ஆண்டில் பூண்டியில் வாண்டையார் குடும்பத்தார் புஷ்பம் கல்லூரியை நிறுவினர். நெல் விளைந்த நிலத்தின் வருவாய் ஒருபுறம் கல்லூரியாயிற்று. கடல்கடந்த வணிகத்தில் தழைத்த ஊர் மறுபுறம் தனக்கொரு கல்லூரியைக் கட்டிக்கொண்டது.

காதிர் முகைதீன் கல்லூரியில் தொடக்கம் முதலே பிற சமயத்துப் பிள்ளைகளும் படித்து வருகின்றனர். பட்டுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அதுவே முதற்கல்லூரி. இன்று மாணவியரும் பயிலுகின்றனர். எம்மதத்தவரும் வரலாம், நம் பிள்ளை தொழுவதற்கும் தடையில்லை என்ற இந்த ஏற்பாடுதான், திண்ணையில் இன்று நாம் கேட்கும் கேள்விகளுக்கு அன்றைய பெரியவர்கள் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுதிய விடை.

எனினும் அந்த விடை வருமுன் புறப்பட்டுப் போன ஒரு பிள்ளையையும் சொல்லவேண்டும். இராமேஸ்வரத்து மரைக்காயர் வீட்டு அப்துல் கலாம் 1950-இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்தார். ஜமால் கல்லூரி பிறக்க இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. பாதிரிமார் நடத்திய விடுதியில், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பிள்ளையோடும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவப் பிள்ளையோடும் ஒரே அறையில் தங்கினார். அவருடைய தந்தையார் ஜைனுலாப்தீன் பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். பின்னர் எம்.ஐ.டி.யில் சேரப் பணம் வேண்டியபோது, சகோதரி ஜொகரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்த வீட்டிலும் ஒரு மஃரிபுக்குப் பிறகு நம்மைப் போலவே பேசியிருப்பார்கள். பேசி முடித்துவிட்டு அனுப்பினார்கள்.

இதை எழுதும்போது என் தவறொன்றை மறைக்க மனம் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், விடுப்பில் வந்திருந்த சபராளி ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகள் கணிதத்தில் மிக நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். தஞ்சையில் படிக்க விரும்பினாள். தஞ்சையில் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கலைக் கல்லூரி 1966 முதல் இருக்கிறது. ஆண்களோடு சேர்ந்து படிக்க வேண்டாம், கட்டணமும் பெரிதில்லை. இவற்றையெல்லாம் நான் விசாரிக்கவே இல்லை. "இரண்டு பஸ் மாறணும், பொம்பளைப் பிள்ளை, எதுக்கு?" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அவர் என் சொல்லை மார்க்கத்தின் சொல்லாக எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் வீட்டிலிருந்தாள், திருமணமாயிற்று. இன்று அவள் மகன் என்னிடம் அலிஃப் பா ஓதுகிறான். மாலை வேளைகளில் அவள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். என் மகளும் அவளிடம்தான் படித்தாள். என் மகளின் மதிப்பெண் பட்டியலில் கணிதத்திற்கு நேரே உள்ள எண்ணைப் பார்த்தபோது நான் மகிழ்ந்ததைவிட வெட்கப்பட்டதே அதிகம்.

நம் முன்னோரின் வரலாற்றில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. மதீனாவில் இளம் மாலிக்கிற்குத் தலைப்பாகை கட்டிவிட்ட தாயார், ரபீஆவிடம் போய் அவருடைய கல்வியைக் கற்குமுன் ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்ளும்படி சொல்லி அனுப்பியதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். இமாம் ஷாஃபி அவர்களின் தாயார், தகப்பனற்ற குழந்தையைக் காஸாவிலிருந்து மக்காவுக்குத் தூக்கிச் சென்றார். பின்னாளில் அப்பிள்ளை மதீனாவுக்கும் யமனுக்கும் பாக்தாதுக்கும் மிஸ்ருக்கும் போனது. முதல் தாய் யாரிடம் படிப்பது என்று பார்த்தார். இரண்டாம் தாய் தொலைவைப் பார்க்கவில்லை. நம் திண்ணையில் தொலைவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். யார் கற்பிக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஆகவே, இவ்வாண்டு என்னிடம் வருவோரிடம் வேறு சில செய்திகளை விசாரிக்கச் சொல்கிறேன். ஒரே கல்லூரியிலேயே அரசு உதவி பெறும் பாடப்பிரிவும் சுயநிதிப் பாடப்பிரிவும் இருக்கும். கட்டணம் பெரிதும் வேறுபடும். எதில் இடம் கிடைக்கிறது என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். அத்துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். 2007 முதல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் என்று சாதிச் சான்றிதழ் முறையாக இருந்தால்தான் அது பயன்படும். அதைக் கடைசி வாரத்தில் தேடி அலைகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதும் பல வீடுகளுக்கு இன்னும் தெரியவில்லை. சாப்பாட்டையும் தொழுகை இடத்தையும் கேட்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நானும் கேட்பேன்.

வரும் சனிக்கிழமை, இன்ஷா அல்லாஹ், மகளையும் அவளுடைய தாயாரையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போகிறோம். இரண்டு கல்லூரிகளையும் அவற்றின் பெண்கள் விடுதிகளையும் பார்த்து வரவேண்டும். கேட்க வேண்டியவற்றை மகள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். அவற்றுள் பாதி இயற்பியல் ஆய்வகத்தைப் பற்றியவை. அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணையும் எங்களோடு வரும்படி கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.