நாற்புறமும் நீர்: புங்குடுதீவின் வறட்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கடலைத் தொடாத நாடுகளைப் பற்றிக் கற்கும் மாணவர் துருக்மெனிஸ்தானைக் கண்டு சற்றே தயங்குவர். அந்நாட்டின் மேற்கெல்லையாக அமைவது கஸ்பியன் கடல். ஆயினும் அக்கடல் எந்தச் சமுத்திரத்தோடும் இயல்பாகக் கலப்பதில்லை. நிலப்பரப்பின் பெரும்பகுதி கரகும் பாலைவனமாகும். பல இடங்களில் ஆண்டு மழைவீழ்ச்சி 150 மில்லிமீற்றரையும் எட்டுவதில்லை. 1954இல் தொடங்கப்பட்ட கரகும் கால்வாய் அமுதாரியா நதியின் நீரை ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேலாகப் பாலையினூடே கொண்டுசென்றது. பருத்தி விளைந்தது, அயலிலே ஆரல் கடல் வற்றலாயிற்று. ஒரு நாட்டின் வறட்சியையும் அடைபட்ட நிலையையும் மழையளவு கொண்டு மாத்திரம் விளக்கிவிட முடியாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தோற்றத்தில் இதற்கு முற்றிலும் மாறானது யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள புங்குடுதீவு. இங்கே நாற்புறமும் கடல். குடாநாட்டின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். தீவுகளில் அது சற்றுக் குறையலாம். பாலைவனம் என்று இதனை எவரும் கூறார். எனினும் தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள மடத்துவெளியில், பங்குனி சித்திரை மாதங்களில் ஒரு குடம் நன்னீரின் அருமையை அறியாதார் இலர்.

இதற்கான காரணம் நிலத்தின் அமைப்பிலே உள்ளது. மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லே தீவின் அடித்தளம். ஆறுகள் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று தரும் மழை, வெடிப்புகளினூடே கீழிறங்கி, பாரங்கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை அது பரந்திருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்போர் கண்ட விதி. இவர்களுள் கைபன் ஒல்லாந்தர். புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் எனவும் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் எனவும் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டிச் சென்றவர்களின் வழிவந்த ஒருவரே இத்தீவுகளின் கிணறுகளுக்கும் பொருந்தும் விதியை வகுத்தார் என்பது சுவையான ஒற்றுமை. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி குறையும். துலாவினால் இறைத்த காலத்தில் இச்சமநிலை எளிதிற் குலையவில்லை. இயந்திரத்தால் இறைக்குமிடத்து உவர் விரைந்து மேலேறுகின்றது.

இனி, அடைபட்ட நிலை பற்றி நோக்குவோம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் இவ்வகையில் முதன்மையானது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து கூட வேண்டுமென அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணரும் கலம் உடையுமாயின் அரசுக்கு நாலிலொரு பங்கு, எஞ்சியது உடையவனுக்கு. பிற பண்டமாயின் சரிபாதி. உடைந்த கலத்துக்கும் சட்டம் வகுக்குமளவுக்குக் கப்பல்கள் வந்த கடல் இது. அன்று இத்தீவுகள் ஒதுக்கிடமல்ல, பெருவழியின் ஓரத்துத் துறைகள்.

பாய்க்கப்பல்களின் காலம் மங்க, இந்நிலை தலைகீழானது. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த புகையிரதப் பாதை 1905இல் நிறைவெய்தியபின் வணிகத்தின் முகம் தரைப்பக்கம் திரும்பிற்று. புங்குடுதீவார் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்துப் பொருளீட்டினர். முன்பு வழியாயிருந்த ஆழங்குறைந்த கடல், வள்ளமேறிக் கடக்கவேண்டிய இடையூறாயிற்று. வேலணையோடு தீவை இணைக்கும் தாம்போதியை, வாணர் பாலத்தை, மக்கள் அத்துணை அவாவிப் பெற்றமைக்கு இதுவே காரணம். துறைமுகத்துக்காக அயல்நாட்டை வேண்டி நிற்கும் பாலை நாடொன்றின் நிலைக்கும், வேலணை வழியாக வெளியுலகைக் கண்ட இத்தீவின் நிலைக்கும் அதிக வேறுபாடில்லை.

1991இல் போர் தீவை எட்டியபோது மக்களிற் பெரும்பாலோர் வெளியேறினர். பலர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறினர். இடப்பெயர்வின் வரலாற்றை எழுதுவோர் வீடுகளை எண்ணுகின்றனர். குளங்களை எண்ணுவோர் குறைவு. குளமும் கேணியும் ஆண்டுதோறும் தூர்வாரப்பட்டாலன்றி மழைநீரை நிலத்துக்குள் இறக்கா. உவர் புகாது காக்கும் வரம்புகளும் அவ்வாறே. ஆளில்லாத ஊரில் இவை தூர்ந்தன, உடைந்தன. ஆகவே மக்கள் நீரின்மையாற் போயினர் என்பதிலும், மக்கள் போனமையால் நீர் போயிற்று என்பதே இங்கு பொருத்தமான கூற்றாகும்.

2009இன் பின் ஒரு பகுதியினர் மீண்டுள்ளனர். வேலணைச் சாட்டியின் நன்னீர், பவுசர்களில் அதே தாம்போதி வழியே வருகின்றது. சாட்டியின் நன்னீரும் உவரின்மேல் மிதப்பதே என்பதை எண்ணுகையில் ஆரல் கடல் நினைவுக்கு வராமற் போகாது. அண்மைக்காலத்திற் சில குளங்கள் தூர்வாரப்பட்டுள்ளமை நல்ல செய்தி. ஆயினும் குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் பல காணிகளின் ஊடாகச் செல்வது. அக்காணிகளின் உரித்தாளர் பலர் கடல் கடந்திருக்கின்றனர். அவர்களின் இசைவைப் பெறுவதற்கே ஒரு மாரி கழிந்துவிடுகின்றது.