புல்தரை ராஜாக்கள் - 14: மூன்று நாள் அரையிறுதி

கோரான் இவானிசெவிச் ராஃப்டருடன் ஆடிய விம்பிள்டன் இறுதிப் போட்டியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முந்தைய மூன்று நாட்களைத் தாண்டிப்போக மனம் வரவில்லை.

2001 ஜூலை 6, வெள்ளிக்கிழமை. விம்பிள்டன் அரையிறுதி. ஒரு பக்கம் உள்ளூர்ப் பிள்ளை டிம் ஹென்மன். 1936-ல் ஃப்ரெட் பெர்ரி ஜெயித்த பிறகு அதுவரை பிரிட்டிஷ் வீரர் எவரும் ஆடவர் ஒற்றையர் கோப்பையை வாங்கியிருக்கவில்லை என்பதால், நாடே அவர் பின்னால் நின்றது. எதிரே கோரான் இவானிசெவிச். தரவரிசையில் 125. இடது தோளில் தீராத வலி. முந்தைய நவம்பரில் பிரைட்டனில் இருந்த மூன்று மட்டைகளையும் கோபத்தில் உடைத்து, மேற்கொண்டு ஆட மட்டையில்லாமல் ஆட்டத்தைப் பறிகொடுத்தவர். மூன்று முறை இங்கே இறுதிப் போட்டியில் தோற்றவர் என்ற இரக்கத்தில்தான் வைல்டு கார்டு கொடுத்தார்கள் என்பேன். வந்தவர் மோயா, ராடிக், ருசெட்ஸ்கி, சாஃபின் என்று வரிசையாகச் சாய்த்துவிட்டார்!

அவருடைய சர்வீஸைப் பார்த்திருக்கிறீர்களா? பந்தை உயரத் தூக்கிப்போட்டுக் காத்திருக்க மாட்டார். போட்ட கையோடு அடி விழும். ஏஸ் விழுந்தால் அதே பந்தைத்தான் திரும்பக் கேட்டு வாங்குவார்.

முதல் செட் 7-5 கோரானுக்கு. இரண்டாவது டைபிரேக்கில் போனது. மூன்றாவது 0-6, சுமார் கால் மணி நேரத்தில் முடிந்தது. நான்காவதில் ஹென்மன் 2-1 என்றிருந்தபோது மழை கொட்டியது. சென்டர் கோர்ட்டுக்குக் கூரை வந்தது 2009-ல்தான்.

மழைதான் ஹென்மனைத் தோற்கடித்தது என்று பிரிட்டிஷ் ரசிகர்கள் இன்றும் புலம்புவார்கள். நான் ஏற்க மாட்டேன். சனிக்கிழமை ஆட்டம் தொடர்ந்தது, நான்காவது செட் டைபிரேக் வரை போனது. அதில் ஹென்மன் வெற்றிக்கு இரண்டே புள்ளி தூரத்தில் நின்றார். அப்போது மழை குறுக்கே வரவில்லை. 7-5 என்று டைபிரேக்கைப் பிடுங்கியவர் கோரான். ஐந்தாவதில் அவர் 3-2 என முந்தியிருந்தபோது மறுபடி மழை. ஞாயிற்றுக்கிழமை வந்து 6-3 என்று முடித்தார். நல்ல மனிதர் ஹென்மன், அருமையான வாலி ஆட்டக்காரர். ஆனால் அந்த இரண்டு புள்ளிகளை எடுக்கும் துணிச்சல் அன்று அவரிடம் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமையே இறுதிப் போட்டி. ராஃப்டரை ஐந்து செட்டில், கடைசி செட் 9-7 என வீழ்த்தினார். வைல்டு கார்டில் நுழைந்து விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்றவர் இன்றுவரை கோரான் ஒருவர்தான். அந்த 9-7 செட்டின் கதை அடுத்த வாரம்.