பாணுக்குள் ஒரு பெருநாள்



அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குக் கரையோர நகரங்களில், நண்பகல் வேளையிற் சில மூலைக்கடைகளின் வாயிலில் நீண்ட வரிசை நிற்கக் காணலாம். தச்சரும், பொலிசாரும், எழுதுவினைஞரும், பள்ளிப் பிள்ளைகளும் அவ்வரிசையில் ஒன்றாக நிற்பர். அவர்கள் காத்து நிற்பது ஒரு பாணுக்காக. ஏறத்தாழ ஓரடி நீளமுடைய பாணை நெடுக்காகக் கீறி, முற்றாகப் பிளந்துவிடாமல் ஒரு பக்கம் ஒட்டியிருக்க விட்டு, அதனுள்ளே 'புரொவலோனே' என்னும் பாற்கட்டியை அடுக்குவார் கடைக்காரர். அதன்மேல், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சி வகைகள் மூன்று நான்கினைக் காகிதம்போல் மெல்லிதாக அரிந்து, மடித்து மடித்து வைப்பார். பின்னர் சலாது இலை, தக்காளி, வெங்காயம், வினாகிரியில் ஊறிய மிளகாய். ஈற்றில் ஒலிவ் எண்ணெயும் வினாகிரியும் சொரிந்து, ஒரிகானோ என்னும் உலர்ந்த வாசனை இலையைத் தூவி, வெள்ளைத் தாளில் இறுகச் சுற்றிக் கொடுப்பார். சுவையறிந்தோர் அதனை உடனே உண்ணார். கால்மணி நேரம் பொறுத்திருந்து, எண்ணெயும் புளிப்பும் பாணுக்குள் ஊறிய பின்னரே தாளைப் பிரிப்பர்.

இதனை 'இத்தாலியச் சப்' என்பர். சப் என்பது நீர்மூழ்கிக் கப்பலைக் குறிக்கும் சப்மரின் என்னும் சொல்லின் குறுக்கம். விற்கும் கடைக்கு டெலி என்று பெயர். அது டெலிகாட்டெசன் என்னும் ஜேர்மன் சொல்லின் குறுக்கம். பாணை இத்தாலியர் 'பானே' என்பர். போர்த்துக்கேயர் வழியாக நமக்கு வந்த 'பாண்' என்னும் சொல்லும் அதுவும் ஒரே இலத்தீன் தாயின் பிள்ளைகள். ஆனால் பெயரை நம்பி இத்தாலிக்குச் சென்று இவ்வுணவைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். பாணுக்குள் இறைச்சி வைத்து உண்பது அங்கும் உண்டு; இத்தனை வகையை ஒரே பாணிற் குவிப்பது அந்நாட்டின் பழைய வழக்கன்று. அதற்குக் காரணம் வறுமை.

1861ஆம் ஆண்டில் இத்தாலி ஒரே இராச்சியமாயிற்று. புதிய அரசு தன் கடன்சுமையைக் குறைக்கக் கண்ட வழிகளுள் ஒன்று, 1869 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அரைவை வரி. ஆலையிலே தானியம் அரைப்போர் யாவரும் அதனைச் செலுத்த வேண்டும். மாவின்மீது வரி என்பது ஏழையின் வாயின்மீது வரியன்றோ? நாட்டின் பல ஊர்களிற் கலகம் மூண்டது, உயிர்கள் மாய்ந்தன. 1884இலேதான் அவ்வரி முற்றாக ஒழிந்தது. தெற்கிலும் சிசிலித் தீவிலும் நிலம் பெருநிலக்கிழாரின் கையில் இருந்தது. கூலி உழவன் விளைத்த கோதுமை அவன் அடுப்பங்கரைக்கு வருவது அரிது. முரட்டுக் கருநிறப் பாணும், அவரையினங்களும், காட்டுக் கீரையுமே அவனுக்கு உணவு. வெள்ளைப் பாண் நோயாளிக்கும் திருநாளுக்கும் உரியது. இறைச்சியோ ஆண்டிற் சில நாள்களில் மட்டுமே. பன்றி வளர்த்த குடும்பமும் அதன் நல்ல பாகத்தைக் காசுக்கு விற்றுவிடும்.

1910ஆம் ஆண்டில் புக்கர் ரி. வாஷிங்டன் என்னும் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் சிசிலிக்குச் சென்றார். அவர் அடிமையாகவே பிறந்தவர்; துன்பத்தை ஏட்டிற் படித்தவரல்லர். அங்குள்ள கந்தகச் சுரங்கங்களிற் சிறுவர் பாரம் சுமப்பதைக் கண்ட அவர், இவ்வுலகில் நரகத்துக்கு மிக அண்மையான இடம் அதுவே எனப் பொருள்பட எழுதிவைத்தார்.

இந்நிலையிலிருந்து தப்ப, 1880க்கும் 1920க்கும் இடையில் ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அவர்களுட் பெரும்பாலோர் தெற்கத்தியர். வரவேற்பு இனிதாக இருக்கவில்லை. நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1891 மார்ச் 14ஆம் நாள், பொலிஸ் தலைவரின் கொலை வழக்கை அடுத்து, ஆயிரக்கணக்கானோர் கொண்ட கும்பலொன்று சிறைச்சாலையை உடைத்துப் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றது. அவர்களுட் சிலர், முதல்நாள்தான் குற்றவாளிகளல்லர் என நீதிமன்றிலே தீர்க்கப்பட்டவர்கள். அந்நகர மேயர் இதற்கு மன்னிப்புக் கேட்டது 2019ஆம் ஆண்டில்.

ஆயினும் அந்நாட்டில் வயிறு நிறைந்தது. மேற்குச் சமவெளியின் கோதுமையும், சிக்காகோ ஆலைகளின் இறைச்சியும் மலிவாகக் கிடைத்தன. ஊரிலே நிலக்கிழாரின் மேசையில் மட்டும் கண்டவற்றை, தெருவுக்குக் கல் பதிக்கும் கூலியாளும் காசு கொடுத்து வாங்க முடிந்தது. ஒவ்வொரு குடியிருப்பிலும் இத்தாலியப் பலசரக்குக் கடை தோன்றியது. கூரையிலிருந்து பாற்கட்டியும் சலாமியும் தொங்கும். பீப்பாக்களில் ஒலிவக்காய் மிதக்கும். சமூகநலப் பணியாளரும் உணவியலாளரும் இவர்களைக் கண்டித்தனர். ஒலிவ் எண்ணெய்க்கும் பாற்கட்டிக்கும் பணத்தை இறைக்கின்றனர், காரமும் உள்ளியும் உடலுக்கு ஆகா என்றனர். பசியை அறியாதார் சொன்ன அறிவுரை அது, கேட்டவர் சிலரே.

இனி, லூப்போவின் கடைக்கு வருவோம். கொலை நடந்த அதே நியூ ஓர்லியன்ஸிலே, 15 ஆண்டு கழித்து, 1906இல் சால்வத்தோரே லூப்போ என்னும் சிசிலியர் டிக்கேட்டர் தெருவில் ஒரு கடை திறந்தார். அருகிலுள்ள சந்தைக்கு விளைபொருள் கொண்டுவந்த சிசிலிய உழவர், நண்பகலில் அங்கு வந்து சிறிது சலாமியும், பாற்கட்டியும், ஒலிவக்காய்ச் சலாதும், பாணும் தனித்தனியே வாங்குவர். பெட்டிகளின்மேல் அமர்ந்து, முழங்காலில் யாவற்றையும் பரப்பிவைத்து, ஒன்று சரிய ஒன்றைப் பிடித்து உண்பர். இதைக் கண்ட லூப்போ, எல்லாவற்றையும் பாணுக்குள்ளேயே வைத்துத் தரட்டுமா என்று கேட்டாராம். அவருடைய மகள் பிற்காலத்தில் எழுதிய செய்தி இது. அப்பாண் வட்டமானது, அதன் சிசிலியப் பெயரே உணவுக்கும் ஆகி, 'முஃபுலெட்டா' என வழங்குகின்றது.

வடகோடியிலுள்ள மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் துறைமுகத்திலோ, 1900களின் தொடக்கத்தில், ஜொவானி அமாத்தோ என்னும் பாண் வியாபாரி துறைமுகத் தொழிலாளர் கேட்டதற்கிணங்க நீளப் பாணுக்குள் இறைச்சியும் காய்கறியும் வைத்து விற்றார் என்பர். அங்கே அதற்கு இன்றும் 'இத்தாலியன்' என்பதே பெயர். இருவருள் முந்தியவர் யார் என்று வழக்காடுவோர் உளர். எனக்கு அவ்வழக்கிற் சுவையில்லை. ஒரு கையால் உண்ண வேண்டிய தொழிலாளியும், மலிந்த இறைச்சியும், நல்ல பாணும் ஒரே தெருவிற் கூடும்போது, பத்து ஊரிற் பத்துக் கடைக்காரர் இதையே செய்திருப்பர். 1898இல் ஒல்லாந்தின் றொட்டர்டாம் நகரில் வான் பேர்க்கல் என்னும் இறைச்சிக்கடைக்காரர் அமைத்த அரியும் இயந்திரத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு. அத்தகைய இயந்திரம் கடைகளுக்கு வந்தபின், கடினமான சலாமியையும் பல் நோகாமற் கடிக்கும் மெல்லிய தகடாக்க முடிந்தது.

பெயர்களோ ஊருக்கொன்று. பிலடெல்பியாவில் 'ஹோகி', முதலாம் உலகப் போர்க்காலத்து ஹொக் ஐலண்ட் கப்பல்தளத்திலிருந்து அது பிறந்தது என்பது உள்ளூர்க் கதை. நியூ இங்கிலாந்தில் 'கிரைண்டர்'. நியூயோர்க்கில் 'ஹீரோ', அதாவது உண்டு முடிப்பவன் வீரன். நியூ ஜேர்சியின் பற்றர்சன் நகரத்தார், 1927இல் தம் பூங்காவிற் காட்சிக்கு வைக்கப்பட்ட பழைய நீர்மூழ்கியைப் பார்த்து டொமினிக் கொன்ரி என்னும் கடைக்காரர் இட்ட பெயரே 'சப்மரின்' என்பர். கனெக்ரிகட் மாநிலத்து நியூ லண்டன் நகரத்தார், இரண்டாம் உலகப் போரிலே தம் அயலிலிருந்த கடற்படைத் தளத்தினால் வந்த பெயர் அது என்பர். அமெரிக்கா அப்போரில் இறங்குமுன்னரே, 1940இன் தொடக்கத்தில், வில்மிங்டன் நகரத் தொலைபேசிப் புத்தகத்தில் அப்பெயர் அச்சாகியிருந்தமையால் பின்னவர் கதை வலுவிழக்கின்றது.

1942இல், குடியுரிமை பெறாத இத்தாலியர் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் 'பகைநாட்டு அந்நியர்' எனப் பதியப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் அத்தடையினின்று நீங்கினர். அப்பொழுதும் அவர்களுடைய கடைகளில் அயலார் உண்ணாமல் இருக்கவில்லை.

1965இல், கனெக்ரிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில், பிரெட் டெலூக்கா என்னும் 17 வயது இத்தாலிய வழி இளைஞர், குடும்ப நண்பரான பௌதிகவியலாளர் பீட்டர் பக் கொடுத்த 1,000 டொலரைக் கொண்டு ஒரு சப் கடை தொடங்கினார். அதுவே 'சப்வே' ஆகி, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிற் பரவியது. எங்கும் ஒரே சுவை என்பது அதன் பெருமை. நியூயோர்க்கின் ஒன்பதாம் நிழற்சாலையில் 1893 முதல் இருந்த மங்கனாரோவின் இத்தாலியப் பலசரக்குக் கடையோ 2012இல் மூடப்பட்டது. எஞ்சியிருக்கும் மூலைக்கடைகளுட் சில, அயற்பேக்கரியிலிருந்து விடியற்காலையில் வரும் பாணை எண்ணி வாங்குகின்றன. அது தீர்ந்தால், வரிசையில் எத்தனை பேர் நின்றாலும், அன்றைக்குக் கதவு சாத்தப்படும்.