தார்ப் பெட்டிக்குள் இருந்த மாத்திரை

சேத்துப்பட்டில் எங்கள் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றியவள் அத்தை. பன்னிரண்டு வயதில் அவளுக்கு முதல் வலிப்பு. ஓடிவந்தவர்கள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். ஆரணியில் ஒரு மருத்துவர் கொடுத்த கார்டினால் மாத்திரையில்தான் வலிப்பு நின்றது. 1984இல் கல்யாணம் நிச்சயமானபோது பாட்டி சொன்னாள்: “மாத்திரைய யாரு கண்ணுலயும் காட்டாதடி.” அத்தை அதைத் தார்ப் பெட்டியின் அடியில் ஒளித்தாள். புகுந்த வீட்டில் ஒளிக்க இடமில்லை. விழுங்குவதை நிறுத்தினாள். இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். திரும்பியது. நாற்பதாம் நாள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“கோர்ட்டுக்குப் போனாலும் எங்க பக்கம்தான்” என்றார்கள். அது வெறும் மிரட்டல் இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம், அடிக்கடி வலிப்பு வருபவர் மணம் செய்யத் தகுதியற்றவர் என்றது. அந்தக் காரணத்தைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்யலாம். சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுதான். ஆனால் மாத்திரையோடு வீடு மாறவேண்டியவள் பெண். இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் போராடி, 1999இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது.

இந்த மருந்துகளின் வரலாறும் பெண்ணுடலிலிருந்தே தொடங்குகிறது. 1857இல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற மகப்பேறு மருத்துவர், மாதவிடாயை ஒட்டி வரும் வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்ததாக அறிவித்தார். அது காம இச்சையை அடக்கும், அதனால் வலிப்பும் அடங்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு தவறு, மருந்து வேலை செய்தது. 1912இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன், தூக்கத்துக்குக் கொடுத்த பினோபார்பிட்டால் வலிப்பைக் குறைப்பதைக் கண்டார். அத்தையின் கார்டினால் அதுதான். 1938இல் அமெரிக்காவில் மெரிட்டும் புட்னமும் பினிட்டாயினைக் கொண்டுவந்தார்கள்.

1960களில் பிரான்சில் வந்த வால்ப்ரோயேட் நல்ல மருந்து. ஆனால் கர்ப்பத்தில் அதை எடுத்தால், பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். மூன்றில் ஒன்றுக்கு மேல் வளர்ச்சியில் பின்தங்கலாம். பிரிட்டனில் கருத்தடை ஏற்பாடு இல்லாமல் பெண்களுக்கு இதை எழுதக்கூடாது என்ற விதி 2018இல்தான் வந்தது. அதற்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தவர்கள் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மார்கள். நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் 1998இலேயே வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. சரியான மருந்து, சரியான அளவு, ஃபோலிக் அமிலம், இவற்றோடு பெரும்பாலான பெண்கள் நலமான குழந்தை பெறுகிறார்கள்.

கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டால்தான் மருந்தை மாற்ற முடியும். ஒளித்து விழுங்குபவள் எப்படிக் கேட்பாள்? சில வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும் என்பதை அவளுக்கு யார் சொல்வார்கள்?

அத்தை மறுபடி மணக்கவில்லை. இப்போது அவள் மாத்திரை அட்டை சன்னல் திண்டில், எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது. போன மாதம் உறவில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்தார்கள். அவளுக்கும் வலிப்பு. “சொல்லாம இருந்திடலாமா?” என்று அவள் அம்மா கேட்டாள். தார் சுற்றிக்கொண்டிருந்த அத்தை தலை நிமிர்ந்தாள். “சொல்லிட்டுக் குடு. மாத்திரைய அவ கையிலயே குடுத்து அனுப்பு.”