சுரமஞ்சரியின் சுண்ணமும் நம் இல்லத்து நறுமணமும்

மலர், இலை, வேர், பட்டை முதலியவற்றை உலர்த்திக் கலந்து, ஒரு கிண்ணத்தில் இட்டு வீட்டில் வைத்து மணம் நுகரும் வழக்கத்தை மேலைநாட்டார் 'போப்பூரி' என்று வழங்குவர். பல பொருள்களைக் கலந்து சமைத்த உணவொன்றுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கிய பெயர் அது. பின்னர் நறுமணக் கலவைக்கும் உரியதாயிற்று. நம் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் புதுமனை புகுவிழாவுக்கும் பண்டிகைக்கும் அன்பளிப்பாக இக்கலவையைக் கண்ணாடிக் கலத்தில் இட்டுத் தரும் வழக்கம் இன்று பரவி வருகிறது. தருபவரும் பெறுபவரும் இதனை அயல்நாட்டு நாகரிகம் என்றே எண்ணுகின்றனர்.

பெயர்தான் அயல்நாட்டது; கலையோ நம்முடையது. அதனினும் வியப்பு, அக்கலையை ஒரு வழக்காகவே அமைத்து, அதற்குத் தீர்ப்பும் வழங்கிய காப்பியம் நம் சமணச் சான்றோர் ஒருவர் இயற்றியது என்பது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியே அந்நூல்.

சுண்ணம் பற்றிய வழக்கு

பதின்மூன்று இலம்பகங்கள் கொண்ட சிந்தாமணியில் நான்காவது குணமாலையார் இலம்பகம். இராசமாபுரத்து மக்கள் வேனிற் காலத்தில் நீராட்டு விழாவுக்குச் செல்கின்றனர். வணிகர் குலத்துத் தோழியர் இருவர், குணமாலையும் சுரமஞ்சரியும், தாம் தாம் செய்த நறுமணச் சுண்ணத்தைக் கொண்டு வருகின்றனர். எவர் சுண்ணம் சிறந்தது என்று இருவருக்குள்ளும் போட்டி எழுகிறது. தோற்றவள் அவ்விழாவில் நீராடாமல் திரும்புவது என்பது அவர்கள் உறுதி. பணிப்பெண்கள் சுண்ணத்தை ஏந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்வாரைத் தேடிச் சென்று, முடிவில் சீவகனிடம் வருகின்றனர்.

சீவகன் இரண்டையும் ஆய்ந்து, குணமாலையின் சுண்ணமே சிறந்தது என்கிறான். அதற்கு அவன் சொல்லும் காரணத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். குணமாலையின் சுண்ணம் கோடைக் காலத்தில் செய்யப்பட்டது. மற்றதோ குளிர்ச்சி மிகும் காலத்தில் செய்யப்பட்டது. இவ்வளவே அவன் கூறும் காரணம். எந்தப் பொருள் விலையுயர்ந்தது, எவள் செல்வ மகள் என்பன அவன் ஆராய்ச்சியில் இடம்பெறவில்லை.

சுரமஞ்சரியின் தோழியர் இத்தீர்ப்பை எளிதில் ஏற்கவில்லை. அப்போது சீவகன், விருப்பம் உள்ள இடத்தில் தீயவும் நல்லவாகத் தோன்றும், வெறுப்பு உள்ள இடத்தில் நல்லவும் தீயவாகத் தோன்றும் என்னும் உலகியல்பை எடுத்துரைக்கிறான். ஆதலால் மனிதரை விடுத்து, சோலையில் வாழும் நால்வகை வண்டுகளைச் சான்றாக அழைக்கிறான். இரு சுண்ணங்களையும் காற்றில் தூவியபோது வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே மொய்க்கின்றன. வழக்கு முடிகிறது. சுரமஞ்சரி சினந்து நீராடாமல் மாடம் திரும்பி, ஆடவர் முகம் நோக்காமல் வாழ்கிறாள். அவள் கதை ஒன்பதாம் இலம்பகத்தில்தான் நிறைவு பெறுகிறது.

கற்பனைச் சுவையோடு கூறப்பட்ட இந்நிகழ்ச்சியில் தொழில் அறிவு அடங்கியுள்ளது. ஈரப்பதம் மிகுந்த பருவத்தில் இதழும் இலையும் முழுமையாக உலர்வதில்லை. எஞ்சிய ஈரத்தில் பூஞ்சை பற்றும்; மணம் திரிந்து முடைநாற்றமாகும். வறண்ட காற்றில் விரைந்து உலர்ந்தவற்றிலோ மணத்துக்குரிய எண்ணெய்ப் பசை தங்கும். இன்று இக்கலவை செய்வோர் முதற்பாடமாகக் கற்பதும் இதுவே.

கொங்கு நாட்டார் காத்த பட்டியல்

சுண்ணம் இப்படிச் சிறப்புற்றது என்றால், அக்காலத்தார் கையாண்ட நறுமணப் பொருள்கள் யாவை? இதற்கு விடை தருபவர் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார். கடலாடு காதையில் மாதவி கூந்தலுக்கு நெய்பூசி நீராடும் இடத்தில், பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரை இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். அவை இன்னின்ன என்பதை உரையாசிரியர் பட்டியலிட்டுத் தந்திராவிட்டால் இன்று நாம் அறிந்திருக்க வழியில்லை.

துவர் பத்தும் பூவந்தி, திரிபலையாகிய கடு, நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல், நாற்பால் மரம் என்பன. விரை ஐந்தும் கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பன. ஆரம் என்றது சந்தனத்தை. முப்பத்திரண்டு ஓமாலிகையுள் இலவங்கம், ஏலம், கச்சோலம், தக்கோலம், நன்னாரி, இலாமிச்சம், புன்னைத் தாது, வகுளம் முதலியன உள்ளன. இவற்றுள் பல இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை. வகுளம் எனப்பட்ட மகிழம்பூ பல ஊர்க் கோயில் வளாகங்களில் உதிர்ந்து கிடப்பது.

அடியார்க்குநல்லார் நிரம்பை என்னும் ஊரினர். அவ்வூர் கொங்கு நாட்டில் விசயமங்கலத்தை அடுத்து இருந்தது என்பர் அறிஞர். சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் உள்ள அவ்விசயமங்கலம், நம் சேலத்திலிருந்து ஈரோடு, பெருந்துறை வழியே கோவை செல்லும் வழியில் உள்ளது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊரும் அதுவே என்பர். நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் ஊராகச் சொல்லப்படும் சீனாபுரமும் அதற்கு அணித்தே. எனவே பண்டைத் தமிழரின் நறுமணப் பட்டியல் நம் அண்டை நிலத்தில் எழுத்துருப் பெற்றது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

இந்நூல்கள் நம் கைக்கு வந்த வரலாற்றிலும் சேலத்துக்குப் பங்குண்டு. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரே, உ.வே.சாமிநாதையரைச் சிந்தாமணியின்பால் திருப்பியவர். ஐயருக்கு நூலின் சமயக் கருத்துகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தார் அவற்றை விளக்கினர். அவர்கள் இல்லங்களில் சிந்தாமணி தொடர்ந்து ஓதப்பட்டு வந்தமையால்தான் அது இயன்றது. 1887-இல் சிந்தாமணியும், 1892-இல் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரமும் அச்சேறின. சுண்ணத்தின் வழக்கும் நறுமணப் பட்டியலும் அவ்வாறு பிழைத்தன.

பட்டியலில் நமக்கு ஒவ்வாதவை

பழமை என்பதற்காக அனைத்தையும் ஏற்றல் நம் அறத்துக்கு உடன்பாடன்று. அந்த முப்பத்திரண்டினுள் கத்தூரியும் புழுகும் உள்ளன. கத்தூரி இமயச் சாரலில் வாழும் ஆண் கத்தூரி மானின் சுரப்பியிலிருந்து எடுக்கப்படுவது; அதன் பொருட்டே அம்மான்கள் கொல்லப்பட்டு அருகின. புழுகு என்பது புனுகுப் பூனையைக் கூண்டில் அடைத்து, அதன் சுரப்பியை வழித்து எடுப்பது. சிலப்பதிகாரம் அக்கால நகர வாழ்வைக் காட்டும் நூல். அவ்வாழ்வில் இருந்ததை உரையாசிரியர் பதிவு செய்தார். அணுவிரதம் பூண்ட இல்லறத்தாராகிய நாம் அவ்விரண்டையும் விலக்குதல் கடமை. கத்தூரி மானை வேட்டையாடுதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

விலக்கினால் மணம் குறையுமோ என்று ஐயுற வேண்டுவதில்லை. அவ்விரண்டும் கலவையில் செய்த பணி, விரைந்து பறக்கும் மென்மணத்தைப் பிடித்து நிறுத்துவது. அதே பணியைச் சந்தனமும் வெட்டிவேரும் சாம்பிராணியும் செய்யும். இவற்றின் எண்ணெய்ப் பசை கனத்தது, மெல்ல ஆவியாவது, உடன் சேர்ந்த மலர் மணத்தையும் நெடுநாள் தங்கச் செய்வது. ஓர் உயிரையும் வருத்தாமல் பெறத்தக்க பயனை உயிர்க்கொலையால் பெறுவது அறிவுடைமையாகாது.

இன்னும் நுணுகி நோக்கும் அன்பர் சிலர், வெட்டிவேரும் வேர்தானே, அகழும்போது மண்ணில் வாழும் சிற்றுயிர்கள் மடியாவோ என்று வினவுவர். வினா நியாயமானது. கிழங்கு விலக்கும் நோன்பினர் வெட்டிவேரை நீக்கி, சந்தனத் தூளையும் சாம்பிராணியையும் சிறிது கூட்டிக்கொள்ளலாம். மலரிலும் பறித்த பூவைவிடத் தானே உதிர்ந்த பூ நமக்கு ஏற்றது. மகிழம்பூ விடியலில் தானே உதிர்வது. உலர்ந்த பின்னும் மணம் மாறாதது. நம் கொள்கைக்கும் இக்கலைக்கும் இதனினும் பொருந்திய மலர் பிறிதில்லை.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். சினாலயத்தில் அருச்சித்த மலரை இதற்கு எடுக்கலாகாது. எண்வகை அருச்சனையில் சந்தனம், மலர், தூபம் ஆகிய மூன்றும் நறுமணப் பொருள்களே எனினும், இறைவனுக்குப் படைத்த நிர்மால்யத்தை இல்லத்துப் பயனுக்குக் கொள்ளாமை நம் முன்னோர் வகுத்த நெறி.

செய்ம்முறை

சீவகன் கூறிய கோடையே நம் மகாவீரர் ஜெயந்திப் பருவம். பங்குனி, சித்திரையில் சேலத்து வெயிலும் வறண்ட காற்றும் இதற்கென்றே அமைந்தவை போன்றவை.

சேலம் வ.உ.சி. பூ அங்காடியில் மாலையில் எஞ்சும் பன்னீர் ரோசாவை வாங்கி இதழ் பிரித்துக்கொள்ளலாம். குண்டுமல்லி உலர்ந்தால் மணம் இழக்கும், ஆதலின் வேண்டா. சாமந்தி நிறத்துக்கு உதவும். பனமரத்துப்பட்டிப் பக்கம் மிகுதியாக விளையும் அரளியின் நிறம் கண்ணைக் கவரும். ஆயினும் அது நஞ்சுடையது. குழந்தைகள் கையெட்டும் கிண்ணத்தில் அதனை ஒருபோதும் சேர்க்கலாகாது.

இதழ்களையும் பூக்களையும் மருக்கொழுந்தையும் முறத்திலோ பருத்தித் துணியிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புக. நேர்வெயில் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். காற்றோட்டமுள்ள நிழலே சிறந்தது. பரப்புமுன் சிற்றுயிர் இருப்பின் மெல்ல உதறி, செடிகளிடையே விட்டுவிடுக. நான்கு முதல் ஏழு நாளில் இதழ் கையில் நொறுங்கும் பதம் வரும். அப்பதம் வாராமல் கலத்தில் இடுதல் தவறு. ஈரம் எஞ்சினால் பூச்சி தோன்றும். தோன்றிய பூச்சி மடியும். இருவகையாலும் நமக்குக் குற்றம்.

உலர்ந்த ரோசா இதழ் நான்கு கைப்பிடி, மகிழம்பூ இரண்டு கைப்பிடி, மருக்கொழுந்து ஒரு கைப்பிடி, விரற்கடை அளவாக நறுக்கிய வெட்டிவேர் ஒரு கைப்பிடி, உலர்த்திய ஆரஞ்சுத் தோல் ஒரு பழத்தினது, ஏலம் ஐந்து, இலவங்கம் பத்து, பட்டை இரண்டு துண்டு ஆகியவற்றைக் கூட்டுக. ஏலத்தையும் இலவங்கத்தையும் பட்டையையும் ஒன்றிரண்டாக இடித்தே சேர்க்க வேண்டும். தூய சந்தனத் தூள் ஒரு சிறு கரண்டி, சாம்பிராணித் தூள் அரைக் கரண்டி தூவிக் கையால் மெல்லப் புரட்டுக. மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் முக்கால் அளவு நிரப்பி, இருண்ட இடத்தில் நான்கு வாரம் வைத்து, வாரம் இருமுறை குலுக்கி வருக. முதல் வாரத்தில் இலவங்க மணமே மேலோங்கி நிற்கும். அதுகண்டு மனம் தளர வேண்டா. நான்காம் வாரத்தில் எல்லா மணமும் ஒன்றாகக் கூடும்.

பின்னர் வாய் அகன்ற மண்கிண்ணத்தில் இட்டுக் கூடத்தில் வைக்கலாம். மணம் மெலியும்போது புரட்டிவிட்டு, சிறிது சந்தனத் தூள் சேர்த்தால் மீளும். பயன் தீர்ந்த கலவை தோட்டத்துக்கு உரமாகும். அன்பளிப்பாகத் தருவோர் கைத்தறிப் பருத்தித் துணியில் சிறு பை தைத்து, நூலால் முடிந்து தருக. அப்பை துணிப்பேழையிலும் நூலடுக்கிலும் இருந்து மணக்கும். முன்னாளில் நம் பாட்டியர் சேலைகளுக்கிடையே தாழைமடலை வைத்தது இதன் பொருட்டே.

வண்டுகளின் சான்று

இன்று வீடுகளில் தெளிக்கப்படும் செயற்கை மணநீர்களின் புட்டிகளில் 'நறுமணம்' என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் உள்ளடக்கமாக அச்சிடப்பட்டுள்ளது. அதனுள் இருப்பது எது, எதிலிருந்து வந்தது, எவ்வுயிர் வருந்தியது என்று வாங்குவோர் அறிய முடிவதில்லை. உண்பதில் இத்துணை ஆராயும் நாம், மூச்சுக்காற்றோடு உள்ளே செல்வதை ஆராயாமல் விடுவது பொருந்துமா? நம் கையால் உலர்த்தி நம் கையால் கலந்ததில் மறைவு ஒன்றும் இல்லை.

அதே குணமாலையார் இலம்பகத்தில்தான், அடியுண்டு உயிர் பிரியும் நாய்க்குச் சீவகன் ஐந்து பதங்களாகிய பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதி நற்கதி அடைவிக்கிறான். சுண்ணத்தின் மணத்தை நுணுகி ஆய்ந்தவனே நாயின் துயரையும் உணர்ந்தவன். நுகர்வும் அருளும் ஒருவனிடத்தே கூடி நிற்கலாம் என்பதைத் தேவர் அந்நிகழ்ச்சிகளை ஓர் இலம்பகத்தில் அமைத்தே காட்டிவிட்டார்.

ஆதலின் இக்கோடையில் நம் குடும்பத்துச் சிறுவரையும் சிறுமியரையும் அருகில் அமர்த்தி ஒரு சாடி நறுமணக் கலவை செய்யுங்கள். செய்யும்போது அச்சுண்ணத்தின் கதையைச் சொல்லுங்கள். நான்கு வாரம் கழித்துக் கலவையை முற்றத்தில் திறந்து வைத்தால், வண்டு ஒன்றிரண்டு வந்து சூழக் கூடும். அவ்வாறு வந்தால் அவற்றை விரட்ட வேண்டா. சான்று கூற வந்தவை அவை.